புது மாஸ்டர் சிலிண்டர் போட்டும் பெடல் ஏன் தரையைத் தொடுகிறது?

கேள்வி: ஐயா, நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். மென்பொருள் வேலை. போன வருடக் கடைசியில் 1966-ஆம் வருட எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை வாங்கினேன். முந்தைய சொந்தக்காரர் பன்னிரண்டு வருடமாக அதைக் கராஜை விட்டே எடுக்கவில்லை. பிரேக் பெடலை மிதித்தால் அப்படியே கீழே போனது. பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைப் புதிதாக வாங்கி, நானே மாட்டி, ஏர் எடுத்தேன் (ஆயில் வழியில் தங்கிய காற்றை வெளியேற்றினேன்). இரண்டு நாள் பெடல் கல் மாதிரி இருந்தது. ஐந்து மைல் ஓட்டியும் பார்த்தேன். திரும்பி வந்தபோது வலது முன் சக்கரம் கை வைக்க முடியாத சூடு. மூன்றாம் நாள் பெடல் மறுபடி தரைக்குப் போய்விட்டது. இடது பின் டயரின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறது. வாங்கிய மாஸ்டர் சிலிண்டரே கோளாறா? சிலிக்கான் ஆயில் ஊற்றினால் இந்தத் தொல்லை இருக்காது என்கிறார் நண்பர். மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் சர்வோவும், ஆயில் வழியை இரண்டாகப் பிரிக்கும் இரட்டை சர்க்யூட்டும் சேர்த்துவிடலாமா?

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

முதல் வேலையாக அந்தக் காரின் சாவியை வீட்டில் யாரிடமாவது கொடுத்து, "நானே கேட்டாலும் தராதே" என்று சொல்லி வையுங்கள். ஐந்து மைல் ஓட்டியதை நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். எனக்குப் படிக்கும்போதே வயிற்றைக் கலக்கியது. உங்கள் காரில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆயில் வழிதான். எங்காவது ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கும் சேர்ந்து போய்விடும். அதற்குப் பிறகு உங்களுக்கும் முன்னால் போகிற லாரிக்கும் நடுவில் இருப்பது ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். பன்னிரண்டு வருடம் சும்மா நின்ற வண்டியில் அது எந்த லட்சணத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மாஸ்டர் சிலிண்டர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. சொல்லப்போனால், அது நன்றாக வேலை செய்ததால்தான் பின்சக்கரம் ஒழுகியது.

நிற்கிற வண்டியில் நடப்பது இதுதான். சாதாரண பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம், பின்சக்கரத்தில் பிரேக்கை அழுத்துகிற வீல் சிலிண்டரின் இரும்புச் சுவரில் மெல்லத் துரு ஏற்றும். பிஸ்டனோடு சேர்ந்து ஆயில் ஒழுகாமல் தடுக்கிற ரப்பர் கப் உட்கார்ந்திருக்கிற இடம் மட்டும் ஓரளவு தப்பும்; அதை ஒட்டிய பகுதியில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். பழைய மாஸ்டர் சிலிண்டர் அழுத்தமே தராமல் இருந்தவரை பின்சக்கரப் பிஸ்டன்கள் அசையாமல் தூங்கின. நீங்கள் புதிதை மாட்டி, ஏர் எடுக்க நாற்பது ஐம்பது தடவை மிதித்திருப்பீர்கள். பிஸ்டன் நகர்ந்து, கப்பின் மெல்லிய உதடு அந்தத் துருவின் மேல் போய் வந்தது. ரம்பத்தின் மேல் ரப்பரை இழுத்த மாதிரி. இரண்டு நாள் தாங்கியதே பெரிது.

ஆனாலும் அந்த ஈரம் பிரேக் ஆயில்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் காரில் பின் ஆக்ஸில் ஆயில் சீல் போனாலும் டயரின் உள்பக்கம் இதேபோல்தான் நனையும். விரலில் தொட்டுத் தண்ணீர்க் குழாயில் காட்டுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்து போய்விடும். கியர் ஆயில் போகாது. வழவழவென்று ஒட்டிக்கொண்டு கந்தக வாடை அடிக்கும். எதுவாக இருந்தாலும் அந்தச் சக்கரத்தின் டிரம்மை உள்ளிருந்து உரசி நிறுத்துகிற ஷூக்கள் குப்பைக்குத்தான். அடுப்பில் சுட்டால் ஆயில் போய்விடும், பெட்ரோலில் ஊறவைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். ஷூவின் உரசும் பட்டையான லைனிங் ஒருமுறை குடித்ததைச் சூடானதும் திரும்பக் கக்கும். மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிது என்றால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

இன்னொன்று. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கிற தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. பிரிட்டனில் அதை முற்றிலும் தடை செய்ததே 1999-இல்தான். பன்னிரண்டு வருடம் தூங்கிய காரில் அதற்கும் முந்தைய லைனிங் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. முகமூடி போட்டு, தண்ணீரால் நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியையும் பையில் கட்டிப் போடுங்கள். நாங்கள் சென்னையில் தொழில் பழகியபோது வாயாலேயே ஊதித் தள்ளுவோம். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

அடுத்து அந்தச் சுட்ட சக்கரம். எனக்குப் பின்சக்கர ஒழுகலைவிட இதுதான் சுவாரசியம். ஒழுகல் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஒட்டிக்கொள்கிற பிரேக் அப்படி இல்லை, தேடித்தான் பிடிக்க வேண்டும்.

முன்பக்கம் உங்களுக்கு லாக்ஹீட் டிஸ்க் பிரேக், டிஸ்க்கைக் கவ்வுகிற ஒவ்வொரு காலிப்பரிலும் எதிரெதிரே இரண்டு பிஸ்டன். மாஸ்டர் சிலிண்டரின் குறுக்களவு முக்கால் அங்குலம், காலிப்பர் பிஸ்டன் இரண்டேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பரப்பளவைக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ எட்டு மடங்கு. உங்கள் கால் தரும் விசை ஒவ்வொரு பிஸ்டனிலும் எட்டு மடங்காகிறது. பெடல் அவ்வளவு தூரம் போயும், பிஸ்டன் டிஸ்க்கோடு அழுத்துகிற பேட் ஒரு மயிரிழைதான் நகர்கிறது. காலை எடுத்ததும் பேடை யார் பின்னால் இழுக்கிறார்கள்? அங்கே ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டு ரப்பர் சீல், பிஸ்டன் முன்னால் போகும்போது கூடவே கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அழுத்தம் நின்றதும் முறுக்கு விட்டு பிஸ்டனைத் தானே பின்னால் இழுக்கும். இந்தச் சின்ன இழுப்பை நம்பித்தான் டிஸ்க் பிரேக்கே நடக்கிறது. சீலுக்குப் பின்னால் காடியில் வெள்ளைத் தூளாக உப்புப் பூத்துவிட்டாலோ, பிஸ்டனின் குரோம் உரிந்து துரு ஏறிவிட்டாலோ இழுப்பு போச்சு. பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும்.

ஆனால் காலிப்பர்தான் குற்றவாளி என்று உடனே முடிவு கட்டாதீர்கள். முன்சக்கரத்துக்குப் போகிற ரப்பர் ஹோஸும் இதே வேலையைச் செய்யும். வெளியே பார்த்தால் கருகருவென்று நன்றாகவே இருக்கும். உள்ளே ரப்பர் ஊதி வழி அடைத்திருக்கும். உங்கள் காலின் விசை ஆயிலைத் தள்ளி உள்ளே அனுப்பிவிடும். திரும்பி வர ஆயிலுக்கு அந்த விசை இல்லை. ஒருவழிப் பாதையாகிவிடும். மூன்றாவதாக, கோளாறு மாஸ்டர் சிலிண்டரிலும் இருக்கலாம். காலை எடுத்ததும் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வந்து, ஆயில் டப்பாவுக்குத் திரும்புகிற ஊசித் துளையைத் திறந்துவிட வேண்டும். பெடல் முழுக்க மேலே வராமல் எங்காவது இடித்தாலோ, பெடலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் இருக்கும் புஷ் ராட் மாறிப்போய் பிஸ்டனைச் சதா தள்ளிக்கொண்டிருந்தாலோ அந்தத் துளை மூடியே இருக்கும். ஆயில் சூடேறி விரியும், போக இடமில்லாமல் பிரேக்கைத் தானே இறுக்கும். ஆனால் அப்படியானால் ஒரு சக்கரம் மட்டும் சுடாது. எல்லாம் இழுக்கும்.

பிரித்துப் போடுவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். டப்பாவில் ஆயிலை நிரப்பிவிட்டு, ஒருவரைப் பெடலை நான்கைந்து தடவை மிதித்து விடச் சொல்லுங்கள். பின்னால் ஒழுகுகிறதே என்று கவலைப்படாதீர்கள். கீழே ஒரு தட்டு வையுங்கள், இந்தச் சோதனைக்குக் கொஞ்சம் அழுத்தம் இருந்தாலே போதும். இப்போது வலது சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் மாஸ்டர் சிலிண்டரின் வாயில் இருக்கும் பைப் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். சக்கரம் சட்டென்று விட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டரில், அல்லது பெடலில். விடவில்லையா? நட்டை இறுக்கிவிட்டு ஹோஸும் பைப்பும் சேருகிற இடத்தைத் தளர்த்துங்கள். அப்போதும் விடவில்லையென்றால் காலிப்பரில் ஏர் எடுப்பதற்கென்று இருக்கும் நிப்பிளைத் திறங்கள். அங்கே ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் விட்டால் ஹோஸ் அடைப்பு. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் அசையவில்லையென்றால் பிஸ்டனே ஒட்டிப்போயிருக்கிறது. ஒரு ஸ்பானரும் பத்து நிமிடமும் போதும். இதைச் செய்யாமல் மூன்று தடவை காலிப்பர் மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இனி முழு வேலை. ஒன்றை மட்டும் மாற்றுவது என்ற பேச்சே வேண்டாம். ஒரே வயதுள்ள, ஒன்றாக நின்ற, ஒன்றாகத் துருப்பிடித்த சாமான்கள் இவை. ஒன்றைப் பலப்படுத்தினால் அடுத்த பலவீனமான இடத்தில் உடையும். நீங்களே ஒரு தடவை பார்த்துவிட்டீர்கள். அந்த உடைப்பு கராஜில் நடக்குமா, ரவுண்டானாவில் நடக்குமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இரண்டு வீல் சிலிண்டர், மூன்று ஹோஸ், எல்லா இரும்புப் பைப்பும், காலிப்பர் சீலும் தேவைப்பட்டால் பிஸ்டனும், ஷூ, பேட். மாஸ்டர் சிலிண்டர் ஏற்கெனவே புதிது. கிளட்சும் இதே ஆயிலில் ஓடுவதுதான்; பக்கத்தில் இருக்கும் கிளட்ச் மாஸ்டரையும் கியர் பாக்ஸில் கிளட்சை நகர்த்துகிற ஸ்லேவ் சிலிண்டரையும் இதே கையோடு பார்த்துவிடுங்கள். பெடலுக்கு மேலே சீல் ஒழுகினால் ஆயில் பெடல் வழியாக இறங்கிக் கார்ப்பெட்டை நனைக்கும். கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், பெயின்ட் உரிந்திருந்தால் புரிந்துவிடும்.

வீல் சிலிண்டரை ரிப்பேர் கிட் வைத்துச் சரிசெய்யலாமா என்று கேட்பீர்கள். சிலிண்டரின் உள்சுவர் கண்ணாடி மாதிரி இருந்தால் செய்யலாம். நகத்தால் வருடும்போது ஓர் இடத்தில் தட்டினாலும் புதிது வாங்குங்கள், எம்.ஜி.பி.க்குச் சாமான் கிடைக்காத குறை இல்லை. 1962 முதல் 1980 வரை அபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். அபூர்வமான காராக இருந்தால், பழைய சிலிண்டரை லேத்தில் பெரிதாக்கி உள்ளே துருப்பிடிக்காத எஃகு உறை போடச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

பழையதைக் கழற்றும்போது பின்தட்டுக்குப் பின்னால் இருக்கிற வளையக் கிளிப் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். கழற்றுவது சுலபம், மாட்டுவதுதான் பாடு. சிலிண்டரை சி கிளாம்ப்பால் தட்டோடு சேர்த்து இறுக்கி வைத்துக்கொண்டு, கிளிப்பின் அளவுக்குச் சரியான பெரிய சாக்கெட்டை அதன் மேல் வைத்துச் சமமாக அழுத்துங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் கிளிப் கராஜின் மறுகோடிக்குப் பறக்கும். இரண்டு கிளிப் அதிகமாக வாங்கி வைப்பது நல்லது.

காலிப்பரைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, முடிந்தால் பிரேக் பெடலாலேயே பிஸ்டன்களை முன்னுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள். கழற்றி வைத்த பிறகு ஒட்டிப்போன பிஸ்டனை எடுக்க நாக்குத் தள்ளிவிடும். காற்றடித்து எடுப்பதாக இருந்தால் நடுவில் மரக்கட்டை வைத்து, விரலை விலக்கி வையுங்கள். அது துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். காலிப்பரின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் போல்ட்டுகளைத் தொடாதீர்கள், அவசியமே இல்லை. சீல் காடியை மரக்குச்சியால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பிஸ்டனில் குழி இருந்தால் துருப்பிடிக்காத எஃகில் செய்தது கிடைக்கிறது. திரும்ப மாட்டும்போது நிப்பிள் மேல்பக்கம் வருகிறதா என்று பாருங்கள். இடது வலது மாறிவிட்டால் நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலே தங்கிவிடும். நாள் முழுக்க மிதித்தாலும் பெடல் பஞ்சு மாதிரிதான் இருக்கும். முப்பது வருட அனுபவம் உள்ளவர்கள்கூட இந்தத் தப்பைச் செய்வார்கள். யார் என்று கேட்காதீர்கள்.

எதைக் கொண்டு கழுவுவது என்பதில் என் பழைய பாவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் நான் ஹெரால்டு கார்களில் தொழில் பழகியவன். இங்கே கோவென்ட்ரியில் பிறந்த டிரையம்ப் ஹெரால்டுதான் வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக வந்தது. அதனால் இங்கு வந்தபோது எனக்குக் காரெல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரிதான் இருந்தன. சேர்ந்த புதிதில் ஒரு ஹெரால்டின் வீல் சிலிண்டர் கப்புகளை, கிரீஸ் பிசுக்குப் போகட்டும் என்று மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பளபளவென்று கழுவி மாட்டினேன். மறுநாள் வண்டி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கப்பெல்லாம் காளான் மாதிரி ஊதி நாலு சக்கரத்தையும் கவ்வியிருந்தது. அன்றைக்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. பிரேக் ரப்பருக்கும் பெட்ரோலியத்துக்கும் ஆகாது. மண்ணெண்ணெய், பெட்ரோல், இன்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் எதுவும் கூடாது. கழுவ மெத்திலேட்டட் ஸ்பிரிட் அல்லது புது பிரேக் ஆயில். தடவ சிவப்பு ரப்பர் கிரீஸ். அதன் அடிப்படை நம் ஆமணக்கு எண்ணெய்தான். ஆரம்பகால பிரேக் ஆயிலே ஆமணக்கு எண்ணெயும் ஆல்கஹாலும் கலந்ததுதான். பாட்டி வயிற்றுக்குக் கொடுத்தது பிரேக்குக்கும் நல்லது.

பைப்புக்கு வருகிறேன். பழைய இரும்புப் பைப் பளிச்சென்று தெரிந்தாலும் கிளிப்புக்கு அடியில் அரித்திருக்கும். தாமிரமும் நிக்கலும் கலந்த பைப் வாங்குங்கள்: தொண்ணூறு பங்கு தாமிரம், பத்துப் பங்கு நிக்கல். துருப்பிடிக்காது, கையால் வளையும். வாய் விரிக்கும் கருவி நல்லதாக வேண்டும். மலிவானதில் வாய் கோணும். பழைய பைப்பின் ஒவ்வொரு முனையையும் பார்த்து அதே வடிவத்தில் விரியுங்கள், ஏனென்றால் இந்தக் காரில் இரண்டு விதமான வாயும் வரும். பழையதைத் தூக்கிப் போடாமல் பக்கத்தில் வைத்து அளவெடுங்கள். நட்டுகள் எட்டில் மூன்று (3/8) அங்குல யு.என்.எஃப். மரை. நவீன கார்களின் 10 மில்லிமீட்டர் நட்டு பார்க்க அதே மாதிரி இருக்கும். மாறிப்போனால் முதல் இரண்டு சுற்று பிடித்த மாதிரி பாவனை காட்டும். அழுத்தம் வந்ததும் உருவிக்கொள்ளும். கையால் முழுக்கச் சுற்ற முடியாத நட்டை ஸ்பானரால் கட்டாயப்படுத்தாதீர்கள். ஹோஸை மாட்டும்போது அதன் அறுகோணத்தை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை இறுக்குங்கள்; முறுக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. பிறகு ஸ்டீரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பி, ஹோஸ் எங்காவது உரசுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இப்போது உங்கள் நண்பரின் சிலிக்கான். அது டாட் 5 என்ற தர வகை. ஊதா நிறத்தில் இருக்கும், பெயின்டை அரிக்காது, ஈரம் உறிஞ்சாது. கண்காட்சிக்கு மட்டும் போகிற கார்களுக்கு அதை விரும்புகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் இரண்டு மனத்தாங்கல். ஈரத்தை உறிஞ்சாது என்றால் உள்ளே வந்த தண்ணீர் மறைந்துவிடும் என்று அர்த்தம் இல்லை. கலக்காமல் சொட்டாகக் காலிப்பரின் அடியில் போய் உட்காரும், அங்கேயே துருவும் பிடிக்கும். அதில் காற்றுக் குமிழ்களும் சுலபத்தில் தங்கும், பெடல் கொஞ்சம் மிருதுவாகவே இருக்கும். பழைய ஆயில் துளி மிச்சம் இருக்கிற வழியில் அதை ஊற்றவே கூடாது. டாட் 5.1 என்று இன்னொன்று உண்டு. பெயர்தான் கிட்டத்தட்ட அதே, ஜாதி வேறு. அது சாதாரண ஆயில் வகை. உங்களுக்கு என் சிபாரிசு டாட் 4. புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் 3.7 சதவீதம் ஏறிவிட்டால் 155 வரை இறங்கலாம். மலைச் சரிவில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் அந்த வித்தியாசம் காலில் தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். மூடி திறந்து அலமாரியில் கிடந்த டப்பா வேண்டாம். பெயின்ட் மேல் சிந்தினால் துடைக்காதீர்கள், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஏர் எடுக்கிற வேலைக்கு வீட்டில் ஒரு ஆள் வேண்டும். நீங்கள் கீழே, அவர்கள் பெடலில். "அமுக்கு", "பிடி", "விடு" என்ற மூன்று சொல்லை முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பல குடும்பங்களில் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. நிப்பிள் மூடுவதற்கு முன் "விடு" என்று சொல்லிவிட்டால் எடுத்த காற்றெல்லாம் திரும்ப உள்ளே. தொடங்குவதற்கு முன் பின்சக்கர அட்ஜஸ்டர்களை முழுக்க இறுக்கி வையுங்கள், ஆயில் போகிற இடம் குறையும். வலது கை ஸ்டீரிங் என்பதால் தூரமான இடது பின்சக்கரத்தில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று வாருங்கள். மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். டப்பா பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். அப்புறமும் பெடல் பஞ்சாக இருந்தால் காலிப்பரை மர சுத்தியலால் தட்டிவிட்டு மறுபடி எடுங்கள். முடிந்ததும் பின் அட்ஜஸ்டர்களைச் சக்கரம் சுதந்திரமாகச் சுற்றும்வரை ஓரிரு கிளிக் தளர்த்துங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். கேபிளை இறுக்கி ஷூவைச் சரிக்கட்டுவது தப்பு.

பெடல் எதைச் சொல்கிறது என்று கேட்கப் பழகுங்கள். அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது, வெளியே ஒழுகலும் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர் கப் உள்ளுக்குள் விடுகிறது. துள்ளித் துள்ளி வருகிறது என்றால் காற்று. முதல் மிதி ஆழம், இரண்டாவது மிதியில் மேலே வந்து கெட்டியாகிறது என்றால் பின் ஷூ தள்ளி நிற்கிறது, அட்ஜஸ்ட் செய்தால் போதும்.

பிரேக் லைட் சுவிட்ச் உங்கள் காரில் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. இப்போது வருகிற சுவிட்சுகள் சில மாதத்திலேயே சாகின்றன. இடையில் ஒரு ரிலே போட்டால் சுவிட்ச் வழியாகப் போகிற மின்சாரம் குறையும், ஆயுள் கூடும். ஓட்டுவதற்கு முன் பின்னால் விளக்கு எரிகிறதா என்று ஒரு ஆளை நிறுத்திப் பாருங்கள்.

சர்வோ இப்போது வேண்டாம். காலுக்குச் சுகம், அவ்வளவுதான். கார் குறைந்த தூரத்தில் நிற்கப் போவதில்லை. கோளாறுள்ள பிரேக்கில் சர்வோ போட்டால் கோளாறு காலுக்குத் தெரியாமல் போய்விடும். இரட்டை சர்க்யூட் வேறு விஷயம், அது நல்ல யோசனைதான். அமெரிக்கச் சட்டம் 1968 முதல் அதைக் கட்டாயமாக்கியதால் அங்கே போன எம்.ஜி.பி.க்களில் அப்போதே வந்துவிட்டது. ஆனால் பெடல் பெட்டி முதல் பைப் வழி வரை மாற வேண்டியிருக்கும். முதலில் இருப்பதை ஒழுங்காக ஓடவிட்டு, ஒரு கோடை ஓட்டிப் பார்த்து, அப்புறம் முடிவு செய்யுங்கள். அதுவரை ஹேண்ட் பிரேக் சரிவில் காரைப் பிடித்து நிறுத்துகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

வேலை முடிந்ததும் இன்ஜினைப் போடாமல், பெடலை முழு பலத்தோடு ஒரு நிமிடம் மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். ஒரு பொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது. மறுநாள் காலையும் இதையே செய்யுங்கள். பிறகு வீட்டு வாசலில் நடக்கிற வேகம், அப்புறம் ஆளில்லாத தெருவில் பத்து மைல் வேகம், ஒவ்வொரு தடவையும் இறங்கி நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பாருங்கள். 2018 மே முதல், நாற்பது வயது தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு எம்.ஓ.டி. என்கிற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை கட்டாயம் இல்லை. ஆனாலும் நீங்களாகவே கொண்டுபோய்க் கொடுக்கலாம், கொடுங்கள். அங்கே உருளை மேல் நிறுத்தி ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது என்று எண்ணாகக் காட்டுவார்கள். இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் இருந்தால் உங்கள் கைக்குத் தெரியாதது அந்த மெஷினுக்குத் தெரியும்.

சாமான் எதற்கும் ஆர்டர் போடுவதற்கு முன் அந்த மூன்று இடச் சோதனையைச் செய்து, வலது முன் சக்கரம் எந்த நட்டைத் தளர்த்தியபோது விட்டது என்று எனக்கு எழுதுங்கள். காலிப்பருக்கு வெறும் சீல் போதுமா, பிஸ்டனும் வேண்டுமா என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.